தீப்பெட்டிக்குள் ஒரு சங்கு

துணி துவைக்கும் இயந்திரத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய் ஒரு நள்ளிரவில் கழன்றுகொண்டது. காலையில் எழுந்து கூடத்துக்கு வந்து, காலை வைத்த இடத்தில் சளக் என்று சத்தம் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குள் தண்ணீர் நின்றதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. இப்படி ஒன்று நடந்தால் எழுப்புவதற்கென்றே நான் என் கையால் செய்த அலாரம் அந்த இயந்திரத்தின் அடியில் இருந்தது. அதுதான் வலித்தது.

குனிந்து பார்த்தேன். அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. சிவப்பு விளக்கு சிமிட்டியது. காதை அருகே கொண்டுபோனால் 'டிக்... டிக்... டிக்' என்று கேட்டது. சுவர்ப் பல்லி இதைவிடச் சத்தமாகச் சொல்லியிருக்கும். இரவு முழுவதும் கடமை தவறாமல் முணுமுணுத்திருக்கிறது, பாவம். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இங்கே காதில் குறையில்லை, சங்குதான் ஊமை.

அந்த அலாரத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. அட்டைனி85 என்ற, நிரல் எழுதி இயக்கும் எட்டுக்கால் சில்லு, ஒரு சிஆர்2032 பட்டன் பேட்டரி, 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள கறுப்புப் பஸ்ஸர், தரையைத் தொட்டபடி இரண்டு செம்புக் கம்பிகள். கம்பிகளுக்கு இடையே தண்ணீர் பாலம் போட்டால் உறங்கிக்கொண்டிருக்கும் சில்லு எழுந்து கத்த வேண்டும். (இந்த வகைச் சில்லை நுண்கட்டுப்படுத்தி என்று எழுத ஆசைதான். ஆனால் மேசையில் உட்கார்ந்தால் மைக்ரோகன்ட்ரோலர் என்றுதான் வாயில் வருகிறது. இங்கே சில்லு என்றே இருக்கட்டும்.) எல்லாவற்றையும் ஒரு தீப்பெட்டிக்குள் அடக்கியிருந்தேன். என் பெருமையெல்லாம் அந்தத் தீப்பெட்டியில்தான் இருந்தது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது ஒலிக்குப் பொருந்தாது. சத்தம் என்பது காற்றைத் தள்ளும் வேலை. சிறிய பொருளால் கொஞ்சம் காற்றைத்தான் தள்ள முடியும். அதைச் சத்தமாகத் தள்ளவைக்கச் சூழ்ச்சி வேண்டும். என்னிடம் அப்போது சூழ்ச்சி எதுவும் இல்லை.

தரையைத் துடைத்து முடித்ததும் பிரேதப் பரிசோதனையில் உட்கார்ந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது பஸ்ஸரின் தலையில் ஒட்டியிருந்த வட்டமான சிறு தாள். கழுவிய பின் இதை அகற்றவும் என்று அதில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. பாகங்களைப் பற்றவைத்த பிறகு தொழிற்சாலையில் பலகையைக் கழுவுவார்கள். அப்போது பஸ்ஸரின் துளைக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கத்தான் அந்தத் தாள். நான் அதை அலங்காரம் என்று நினைத்து விட்டுவைத்திருந்தேன். மூன்று வாரமாக ஒருவனின் வாயைப் பொத்திவிட்டு, ஏன் கத்தவில்லை என்று கேட்டிருக்கிறேன்.

அடுத்தது இன்னும் வெட்கக்கேடு. சிஆர்2032 என்பது கடிகாரத்தையும் ரிமோட்டையும் மனத்தில் வைத்துச் செய்த பேட்டரி. அதன் கொள்ளளவு 220 மில்லி ஆம்பியர் மணி என்பதைப் பார்த்து மயங்கக் கூடாது. அவ்வளவையும் அது சொட்டுச் சொட்டாகத்தான் தரும். பஸ்ஸர் ஒரே மூச்சில் 25, 30 மில்லி ஆம்பியர் கேட்டதும், பேட்டரியின் உள்தடையிலேயே மின்னழுத்தம் செலவாகி, 3 வோல்ட் சரிந்து 2.7-க்குக் கீழே போய்விட்டது. அந்த அளவுக்குக் குறைந்தால் மறுதொடக்கம் செய்துகொள் என்று சில்லுக்குச் சொல்லி வைத்தவன் நான்தான். ஆகவே சில்லு எழுகிறது, தண்ணீரைப் பார்க்கிறது, பஸ்ஸரை இயக்குகிறது, மயங்கி விழுகிறது, மறுபடி எழுகிறது. அன்று காலை நான் கேட்ட ஒவ்வொரு 'டிக்'கும் அது ஒருமுறை மயங்கி விழுந்த சத்தம். அன்றே பட்டன் பேட்டரியைக் கைவிட்டு மூன்று டிரிபிள் ஏ பேட்டரிகளுக்கு மாறினேன். தீப்பெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு தீப்பெட்டி ஆனது. கௌரவத்துக்கு அதையும் நான் தீப்பெட்டி அளவு என்றே சொல்லி வருகிறேன்.

மூன்றாவது, நான் பஸ்ஸரின் தரவுத்தாளைப் படித்த விதம். 85 டெசிபெல் என்று போட்டிருந்தது. வீட்டுப் புகை அலாரமும் 85 டெசிபெல்தானே, போதும் என்று முடிவு செய்திருந்தேன். பக்கத்தில் இருந்த சின்ன எழுத்தை விட்டுவிட்டேன்: 10 சென்டிமீட்டர் தொலைவில். புகை அலாரத்துக்கு அந்த 85 அளக்கப்படுவது 10 அடியில், அதாவது ஏறக்குறைய 3 மீட்டரில். திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பானால் 6 டெசிபெல் போகும். பத்து மடங்கானால் 20 போகும். 10 சென்டிமீட்டருக்கும் 3 மீட்டருக்கும் முப்பது மடங்கு. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 30 டெசிபெல் வித்தியாசம். ஒலித்திறனில் சொன்னால் ஆயிரம் மடங்கு. இரண்டு இடத்திலும் எண் ஒன்றுதான். என் பஸ்ஸர் ஒரு மீட்டரில் 65 டெசிபெல். பக்கத்தில் இருவர் பேசிக்கொள்ளும் அளவு. படுக்கையறை 5 மீட்டருக்கு அப்பால், நடுவே ஒரு மூடிய கதவு. யாரை எழுப்பும்?

இனி பீசோ வட்டு என்று முடிவு செய்தேன். 27 மில்லிமீட்டர் பித்தளைத் தகடு, அதன் மேல் வெள்ளிப் பூச்சிட்ட மெல்லிய பீங்கான். பஸ்ஸரைப் போல அது மின்சாரத்தைக் குடிக்காது. மின்சுற்றின் பார்வையில் அது சுமார் 20 நானோஃபாரட் மின்தேக்கி, அவ்வளவுதான். மின்னழுத்தம் கொடுத்தால் பீங்கான் விரியும், சுருங்கும். கூடவே பித்தளை வளையும். எதிர்த்திசையிலும் இது நடக்கும் என்பதை மேசையிலிருந்து கைதவறி விழுந்த ஒரு வட்டு எனக்குக் காட்டியது. மின்னழுத்தத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பின் கோடு திரையைத் தாண்டி எங்கோ போய்விட்டு வந்தது. அழுத்தினால் மின்சாரம் வரும் என்று க்யூரி சகோதரர்கள் 1880-இல் கண்டது இதைத்தான். மின்சாரம் கொடுத்தால் உருவம் மாறும் என்று இயற்பியலாளர் லிப்மன் 1881-இல் கணக்கில் காட்ட, சகோதரர்கள் அதையும் செய்து பார்த்து உறுதிப்படுத்தினார்கள். விழுந்த வட்டு பல பத்து வோல்ட்டுகளைத் திருப்பி அனுப்பும் என்பதால், சில்லின் காலில் இரண்டு காப்பு டையோடுகள் அன்றே ஏறின.

முதல் முயற்சியில் பஸ்ஸருக்குப் போட்ட, மின்சாரத்துக்கு வழி திறந்து மூடும் டிரான்சிஸ்டர் சுற்றையே பீசோவுக்கும் போட்டேன். ஒரே ஒரு 'க்ளிக்'. பிறகு மௌனம். அரைமணி நேரம் நிரலைத் திட்டினேன். நிரல் குற்றமற்றது. டிரான்சிஸ்டர் திறந்ததும் வட்டு மின்னேற்றம் பெறுகிறது. மூடியதும் அந்த மின்னேற்றம் வெளியேற வழியில்லை. மின்தேக்கி நிரம்பியே கிடக்கிறது. நிரம்பிய பாத்திரத்தில் எத்தனை முறை தண்ணீர் ஊற்றினால் என்ன? வட்டுக்கு இணையாக 1 கிலோ ஓம் மின்தடை ஒன்றை வைத்ததும் கொசு அளவுக்கு ஒலித்தது. இந்த இடத்தில் பலர் பீசோவைக் குப்பையில் போட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நானும் கூடையைப் பார்த்தேன்.

டிரான்சிஸ்டரே இல்லாமல் இன்னொரு வழி உண்டு. அட்டைனி85-இன் டைமர்1, ஒரு காலில் ஓர் அலையையும் பக்கத்துக் காலில் அதன் நேர் எதிர் அலையையும் தானாகவே தரும். வட்டை அந்த இரு கால்களுக்கும் நடுவே கட்டினால் ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கம் இறங்குகிறது, 4.5 வோல்ட் பேட்டரியிலேயே வட்டு உச்சிக்கு உச்சி 9 வோல்ட் காண்கிறது. மின்னழுத்தம் இரட்டிப்பானால் 6 டெசிபெல், இலவசமாக. வட்டு மின்தேக்கி என்பதால் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நொடித்துளி மின்னோட்டம் பாயும். அதை அடக்க 470 ஓம் மின்தடை ஒன்று தொடரில் போதும். நிரல் நாலே வரி. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அளக்கலாம் என்று கைப்பேசியில் ஒரு டெசிபெல் செயலியை நிறுவினேன். 2,000 ஹெர்ட்ஸிலிருந்து 6,000 வரை 20 ஹெர்ட்ஸாக உயர்த்திக்கொண்டே போய், எங்கே வட்டு அதிகம் கத்துகிறது என்று குறிக்கத் திட்டம். முதல் நாள் வரைபடம் மலைத்தொடர் போல் வந்தது. மறுநாள் அதே வட்டு, வேறு மலைத்தொடர். 4,000 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் 8.6 சென்டிமீட்டர். சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் நேரே வரும் அலையும் மோதிக்கொள்ளும் அறையில், கைப்பேசியை இரண்டு விரற்கடை நகர்த்தினால் உச்சம் பள்ளமாகிவிடுகிறது. நான் வட்டை அளக்கவில்லை, அறையை அளந்துகொண்டிருந்தேன். பிறகு இரண்டையும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், மடித்த போர்வையின் மேல் ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்து, சுண்ணக்கட்டியால் இடத்தைக் குறித்துக்கொண்டேன். கைப்பேசி காட்டும் எண்ணை உண்மையான டெசிபெல் என்று நான் நம்பவில்லை. நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நம்பினேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காதில் பஞ்சு அடைப்பான் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். 85 டெசிபெல்லை 8 மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது தொழிலிடங்களுக்கான பரிந்துரை. 100 டெசிபெல்லில் கால்மணி நேரம்தான். வட்டுக்கு ஒரு சாண் தள்ளித் தலையை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தேன். அன்றிரவு முழுவதும் காதுக்குள் ரீங்காரம்.

வெறும் வட்டு எப்படியும் பரிதாபம்தான். அதன் முன்புறம் காற்றைத் தள்ளும்போது பின்புறம் இழுக்கிறது. இரண்டும் விளிம்பைச் சுற்றி வந்து ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. எதன் மேலாவது ஒட்ட வேண்டும். எங்கே ஒட்டுவது? விளிம்பு முழுக்கப் பசை தடவினேன். வட்டு இறுகிப்போய் ஒலி மந்தமானது.

விடை மணலில் கிடைத்தது. வட்டைப் படுக்கைவாட்டில் பிடித்து, சன்னமான மணலைத் தூவி, 4,000-க்கு அருகில் அதிர்வெண்ணை மெல்ல ஏற்றினேன். மணல் முதலில் சும்மா கிடந்தது. பிறகு சிலிர்த்தது. நடுவில் இருந்த துகள்கள் வெளிநோக்கியும் விளிம்பில் இருந்தவை உள்நோக்கியும் தத்திக்கொண்டு வந்து, விளிம்புக்கு நாலைந்து மில்லிமீட்டர் உள்ளே ஒரு மெல்லிய வளையமாகச் சேர்ந்து அப்படியே அமர்ந்தன. பதினெட்டாம் நூற்றாண்டில் இயற்பியலாளர் கிளாட்னி தகட்டில் மணல் தூவி வயலின் வில்லால் இழுத்துக் காட்டியது இதே வித்தைதான். வட்டின் நடுவும் விளிம்பும் எதிரெதிராக ஆடுகின்றன. இடையில் ஆடாத ஒரு வட்டக்கோடு இருக்கிறது, ஆரத்தில் ஏறக்குறைய 68 சதவீதத் தொலைவில். 27 மில்லிமீட்டர் வட்டுக்கு அந்தக் கோட்டின் விட்டம் 18-ஐச் சற்றுத் தாண்டும். பிடிக்க வேண்டிய இடம் அதுதான். அங்கே பிடித்தால் வட்டுக்கே தெரியாது. 18 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள பிளாஸ்டிக் குழாயிலிருந்து 3 மில்லிமீட்டர் உயர வளையம் ஒன்றை வெட்டி, அதன் விளிம்பை உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்கி, மணல் காட்டிய கோட்டின் மேல் சிலிக்கான் பசையால் ஒட்டினேன். மாடியில் 7 டெசிபெல் கூடியது.

வளையத்தின் மறுவாயை 1.5 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகட்டால் மூடினேன். மூடியின் நடுவில் ஒரு துளை வேண்டும். எவ்வளவு பெரிய துளை?

வெறும் புட்டியின் வாயில் ஊதினால் 'பூ' என்று ஒரே சுருதியில் ஒலிக்கும் அல்லவா, அதே விஷயம். துளையில் இருக்கும் காற்று ஒரு சிறு எடைக்கல். உள்ளே அடைபட்ட காற்று ஒரு வில்சுருள். எடையும் சுருளும் சேர்ந்தால் அதற்கென்று ஓர் ஆட்டம் உண்டு. ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயரைத் தாங்கிய சூத்திரம் அந்த ஆட்டத்தின் அதிர்வெண்ணைச் சொல்லும்: துளையின் பரப்பு கூடினால் ஏறும், அறையின் கொள்ளளவோ துளையின் நீளமோ கூடினால் இறங்கும். ஆனால் நீளம் என்று தகட்டின் தடிமனை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். துளைக்கு வெளியே இரு பக்கமும் கொஞ்சம் காற்று அதனோடு சேர்ந்தே ஆடும்; துளையின் விட்டத்தில் 85 சதவீதத்தை நீளத்தோடு கூட்ட வேண்டும். என் அறைக்கு 4 மில்லிமீட்டர் துளையென்றால் 3,160 ஹெர்ட்ஸ், 5 மில்லிமீட்டருக்கு 3,650, 6 மில்லிமீட்டருக்கு 4,090 என்று கணக்கு வந்தது. வளையத்தில் ஒட்டிய வட்டு அதிகம் கத்தியது 4,100-க்கு அருகில்.

கணக்கின் மேல் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. 4 மில்லிமீட்டரில் துளையிட்டு, உருண்டை ஊசி அரத்தால் சிறிது சிறிதாகப் பெருக்குவது என்று வைத்துக்கொண்டேன். பெருக்கிய துளையைச் சுருக்க முடியாதே. வட்டை ஒலிக்க விட்டபடியே அரத்தைச் சுழற்றினேன். பிளாஸ்டிக் தூள் துளையின் வாயில் வந்து உட்காரும். வட்டின் காற்றே அதை ஊதித் தள்ளும். நாலரையில் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தில் ஏதோ மாறியது போலிருந்தது. என் ஆசையாகவும் இருக்கலாம். ஐந்தரையைத் தாண்டியதும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வரத் தொடங்கியது. வெர்னியர் அளவியில் 5.9 காட்டிய நேரத்தில், அடுத்த அரைச் சுற்றில், அது திடீரென்று அறை முழுவதையும் பிடித்துக்கொண்டது. அடைப்பான் போட்ட காதிலும் பல் கூசியது. கையிலிருந்த அரம் கீழே விழுந்தது. அது விழுந்த சத்தம் கேட்கவில்லை.

வெறும் வளையத்தோடு ஒப்பிட்டால் 13 டெசிபெல். பேட்டரியிலிருந்து ஒரு மில்லி ஆம்பியர்கூட அதிகம் எடுக்கவில்லை. ஆசை யாரை விட்டது, 7 மில்லிமீட்டர் துளையோடு இன்னொரு மூடியும் செய்து பார்த்தேன். கணக்கு 4,490 என்றது, வட்டுக்கும் காற்றுக்கும் சுருதி பிரிந்தது, சத்தம் இறங்கியது. கடையில் வாங்கும் பஸ்ஸரின் தலையில் இருக்கும் அந்தப் பொடித் துளையை இதற்கு முன் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சத்தம் வெளியே வருவதற்கான வழி என்றுதான் நினைத்திருந்தேன். பாதி சத்தம் பிறப்பதே அங்கே என்று தோன்றியதில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மூடிய கதவு மனத்தை உறுத்தியது. உயர்ந்த சுருதியைக் கதவு நிறையவே தின்னும். எனவே வட்டுக்கு இணையாக 10 மில்லி ஹென்றி கம்பிச்சுருள் ஒன்றைக் கட்டி, மீண்டும் டிரான்சிஸ்டருக்கு வந்தேன். டிரான்சிஸ்டர் திறந்திருக்கும்போது சுருளில் மின்னோட்டம் ஏறும். சட்டென்று மூடினால் அந்த ஆற்றல் போக்கிடம் தேடி வட்டுக்குள் பாயும். அங்கே பேட்டரியின் மின்னழுத்தத்தைப் போலப் பல மடங்கு எழும்பும். 60 மைக்ரோ நொடி திறந்து வைத்தால் இழப்பை ஒதுக்கிய கணக்குப்படி 19 வோல்ட். அலையின் அரைச் சுற்று முழுவதும், அதாவது 120 மைக்ரோ நொடிக்கு மேல் திறந்து வைத்தால், டிரான்சிஸ்டர் தாங்கும் 40 வோல்ட்டை முட்டும். 60-இல் நிறுத்திக்கொண்டேன். இன்னும் 7 டெசிபெல் கிடைத்தது.

ஒரு நாற்றமும் கிடைத்தது. ஒலியை நிறுத்தும் வரியில், காலைத் தாழ்நிலைக்குக் கொண்டுவராமல் டைமரை மட்டும் நிறுத்தியிருந்தேன். டிரான்சிஸ்டர் திறந்தபடியே நின்றது. சுருள் நேராகப் பேட்டரியோடு இணைந்தபடி சத்தமில்லாமல் வெந்துகொண்டிருந்தது. வார்னிஷ் கருகும் நாற்றம் வந்த பிறகுதான் விரலை வைத்துப் பார்த்தேன். கொப்புளம் இரண்டு நாளில் ஆறியது. இப்போது சில்லுக்கும் டிரான்சிஸ்டருக்கும் நடுவே ஒரு சிறு மின்தேக்கி நிற்கிறது. நிரல் எந்த நிலையில் செத்துக் கிடந்தாலும், துடிக்காத சமிக்ஞை அதைத் தாண்டாது.

வீட்டுச் சோதனையை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வைத்தேன். அப்பா அவர் அறையில், கதவு சாத்தி. அம்மா என் அறையில், கதவு சாத்தி. நான் இயந்திரத்தின் அருகில் ஈரத் துணியோடு. கம்பிகளின் மேல் துணியை வைத்ததும் தீப்பெட்டி அலறியது. அம்மா அடுத்த நொடியே கதவைத் திறந்து, நிறுத்து நிறுத்து என்று கையை ஆட்டினார். வெற்றி என்று நினைத்தேன். ஒரு நிமிடம் கத்தவிட்டு அப்பாவின் கதவைத் திறந்தேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "எப்போது ஆரம்பிக்கப் போகிறாய்?" என்றார்.

வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த சுருதிகளைத்தான். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000-க்கும் 5,000-க்கும் இடையில் என்பதால்தான் சிறிய அலாரங்கள் எல்லாம் அங்கே போய் உட்காருகின்றன. இளங்காதுக்கு வரம்; அப்பாவின் காதுக்கு அந்த அலமாரியே காலி. முதியவர்களையும் காது மந்தமானவர்களையும் உறக்கத்திலிருந்து எழுப்புவதில், 3,100 ஹெர்ட்ஸில் கீச்சிடும் வழக்கமான புகை அலாரத்தைவிட 520 ஹெர்ட்ஸ் சதுர அலை மேல் என்று ஆய்வுகளில் தெரிந்து, அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதித்தொகுப்பான என்எஃப்பிஏ 72, விடுதி அறைகள் போன்ற உறங்கும் இடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. சதுர அலை என்பதில் பொருள் உண்டு. 520-உடன் அதன் மும்மடங்கும் ஐந்து மடங்கும் சேர்ந்தே ஒலிக்கும். காதில் எந்தக் கதவு திறந்திருக்கிறதோ அதன் வழியே ஒன்றாவது நுழையும்.

27 மில்லிமீட்டர் வட்டிலிருந்து 520 ஹெர்ட்ஸைச் சத்தமாக எடுக்க எந்த அரத்தாலும் முடியாது. சிறிதாக, சத்தமாக, தாழ்ந்த சுருதியில் என்று மூன்றையும் கேட்டால் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். நான் சிறிது என்பதை விட்டேன். பழைய வானொலி ஒன்றின் ஒலிபெருக்கியைக் கழற்றி, நன்றாக மூடிய பெட்டிக்குள் வைத்து, அப்பாவின் கட்டிலருகே நிறுத்தினேன். தீப்பெட்டியிலிருந்து அங்கே இரட்டைக் கம்பி ஒன்று சுவரோரமாக ஓடுகிறது. இரண்டாம் சோதனையில் அப்பா செய்தித்தாளைக் கீழே வைத்தார். "லாரியா?" என்று கேட்டார். அதுவே எனக்குப் போதுமான சான்றிதழ்.

ஒலிக்கும் தாளத்தைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. அரை நொடி வீதம் மூன்று முறை கத்தி, ஒன்றரை நொடி ஓயும் தாளம், வெளியேறு என்பதற்காக ஐஎஸ்ஓ 8201 என்ற சர்வதேசத் தரம் வகுத்தது. கசியும் குழாய்க்கு அதை எடுத்தாளக் கூடாது. நள்ளிரவில் வீட்டார் தெருவுக்கு ஓடுவார்கள். என்னுடையது இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அந்த நெட்டைக்குள் அதிர்வெண் 4,000-க்கும் 4,200-க்கும் இடையே மேலும் கீழும் அலைகிறது. அறையில் எந்த மூலையில் அலைகள் மோதிப் பள்ளமானாலும் அடுத்த கணம் அந்தப் பள்ளம் இடம் மாறிவிடும். குளிரிலும் வெயிலிலும் வட்டின் சுருதி கொஞ்சம் நகர்ந்தாலும் எங்காவது ஓரிடத்தில் பிடித்துக்கொள்ளும்.

பொருத்திய மறுவாரம் அது நிஜமாகவே ஒலித்தது. நான் வீட்டில் இல்லை. அம்மா தரையைத் துடைக்கும்போது ஈரத் துடைப்பம் கம்பிகளைத் தொட்டுவிட்டது. நிறுத்தும் பொத்தான் ஒன்றை நான் வைக்கவே இல்லை. கம்பி காய்ந்தால் தானாக நிற்கும், அதற்குப் பொத்தான் எதற்கு என்ற எண்ணம். மாலையில் வந்தபோது தீப்பெட்டி சாப்பாட்டு மேசையின் மேல் இருந்தது. துளையின் மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒன்று, நேர்த்தியாக, நடுப்பஞ்சு சரியாகத் துளையின் மேல் வரும்படி.

"எங்கே அமுக்குவது என்று தெரியவில்லை. கட்டைவிரலை இந்த ஓட்டையில் வைத்தேன், அடங்கிவிட்டது. எவ்வளவு நேரம் விரலை வைத்துக்கொண்டு நிற்பது?" என்றார் அம்மா.

பிளாஸ்திரியை உரித்தேன். பசை துளையின் ஓரத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசி அரத்தைத் தேடிக்கொண்டு போனேன்.